செம்மண் போர்வெல் தண்ணி, பயோஃபிளாக் தொட்டி: பிஎச் தினமும் இறங்குது, அமோனியா ஏறுது

#1 · திருவட்டார்_தொட்டி

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு தார்ப்பாய் தொட்டி. பயோஃபிளாக் முறை, அதாவது மீன் கழிவைத் தொட்டிக்குள்ளயே பாக்டீரியாத் திரளா (ஃபிளாக்) மாத்துறது. அளவுகளை அப்படியே போடுறேன்.

தொட்டி 4 மீட்டர் விட்டம், தண்ணி 1.2 மீட்டர் ஆழம், கணக்குல 15,000 லிட்டர். கிஃப்ட் ரகத் திலேப்பியா மீன் 1,000 எண்ணம், சராசரி 100 கிராம். தீவனம் 32 சதவீதப் புரதம், நாளைக்கு 3.5 கிலோ. காத்து தள்ளுற ப்ளோயர் முக்கால் எச்பி. நாட்டுச் சர்க்கரையும் புரோபயாட்டிக்கும் 48 மணி நேரம் நொதிக்க வச்சு தினமும் காலைல ஊத்துறது.

காலை 6 மணி ரீடிங்: பிஎச் 6.1, மொத்த அமோனியா 6 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), நைட்ரைட் 1, ஆக்சிஜன் 4.2, ஃபிளாக் லிட்டருக்கு 55 மில்லி. தண்ணி சூடு 28 டிகிரி. அரைக் கிலோ நீத்துச் சுண்ணாம்பு கலக்கி ஊத்துனா மதியம் பிஎச் 8.2 வரைக்கும் போகுது, மறுநாள் விடியும்போது பழையபடி 6.1. மீன் தீவனத்துக்கு வர மாட்டேங்குது. தீவனக் கடையில சர்க்கரையைக் கூட்டச் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

#2 · நீர்ச்சோதனை_அக்கா

ஆல்கலினிட்டி, அதாவது பிஎச் இறங்காமப் பிடிச்சு நிறுத்துற காரச் சத்து, எவ்வளவு? தொட்டிக்கும் போருக்கும் தனித்தனியா வேணும். பிஎச்சை மட்டும் வச்சு இதுல ஒண்ணும் சொல்ல முடியாது. போர் தண்ணிய ஒரு வெள்ளை வாளியில பிடிச்சு ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க, ஆரஞ்சு நிறத்துல அடியில படியுதா?

#3 · திருவட்டார்_தொட்டி

சொட்டு கிட்டுல பாத்தேன் அக்கா. தொட்டி 15, போர் 20. போர் தண்ணி எடுத்த உடனே பிஎச் 5.6. வாளியில ஆரஞ்சு நல்லாவே படியுது, மேல எண்ணெய் மாதிரி ஒரு ஆடையும் இருக்கு.

#4 · நீர்ச்சோதனை_அக்கா

அப்போ கோளாறு மீன்லயும் இல்ல, புரோபயாட்டிக்லயும் இல்ல. கல்குளம், விளவங்கோடு, திருவட்டார் பக்கத்துச் செம்மண், வெட்டுக்கல் நிலத்துல சுண்ணாம்புச் சத்து மழையில எப்பவோ கரைஞ்சு போயாச்சு. அதுக்குள்ள இருந்து வர்ற தண்ணியில பிஎச்சைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணும் கிடையாது. பயோஃபிளாக்குக்குக் குறைஞ்சது 100 பிபிஎம் ஆல்கலினிட்டி வேணும், உங்ககிட்ட இருக்கிறது 15.

கணக்கைப் பாருங்க. தீவனத்துல இருந்து வர்ற அமோனியா நைட்ரஜன் = தீவனம் × புரத விகிதம் × 0.092. உங்களுக்கு 3.5 × 0.32 × 0.092, அதாவது நாளைக்கு 103 கிராம். 15,000 லிட்டர்ல அது 6.9 பிபிஎம். ஒரு நாள் வேலை செய்யாம விட்டாலே அவ்வளவு ஏறும்.

இந்த அமோனியாவ பாக்டீரியா நைட்ரேட்டா மாத்த, ஒரு கிராமுக்கு 7.14 கிராம் ஆல்கலினிட்டி செலவு. 103 கிராமும் அந்த வழியில போனா 735 கிராம், அதாவது தொட்டியில நாளைக்கு 49 பிபிஎம். முழுக்க ஃபிளாக் பாக்டீரியா உடம்புல சேர்ந்தா அதுல பாதி, 25 கிட்ட. நிஜம் ரெண்டுக்கும் நடுவுல. நீங்க போடுற அரைக் கிலோ நீத்துச் சுண்ணாம்பு எவ்வளவு கொடுக்கும்? 45 பிபிஎம். ஒரு நாள் செலவுக்குத்தான் சரி. அதனாலதான் மறுநாள் விடியும்போது பழைய இடத்துக்கே வருது.

அதை விடப் பெரிய ஆபத்து மதியத்துல இருக்கு. 28 டிகிரியில பிஎச் 6.1 இருக்கும்போது மொத்த அமோனியாவுல ஆயிரத்துல ஒரு பங்குகூட நச்சு வடிவத்துல இல்ல. 8.2 ஆனா கிட்டத்தட்ட 10 சதவீதம். உங்க 6 பிபிஎம்ல 0.6 நச்சு அமோனியா. 0.1 தாண்டினாலே திலேப்பியா தீவனத்தைக் குறைக்கும். காலைல பிஎச் 6.1ல மீன் தப்பிச்சுக்கிடுது, மதியம் நீங்க ஊத்துற சுண்ணாம்புதான் அதை அடிக்குது. நீத்துச் சுண்ணாம்பை மீன் இருக்கிற தொட்டிக்குள்ள இனி போடாதீங்க.

#5 · சர்க்கரைப்பாகு

அக்கா கணக்கு சரிதான், ஆனா அமோனியா 6 இருக்கும்போது கார்பன் கொடுக்காம எப்படி இறங்கும்? ஒரு கிராம் அமோனியாவுக்கு 6 கிராம் கார்பன்னு எல்லாரும் சொல்ற கணக்குதானே. 15,000 லிட்டர்ல 6 பிபிஎம்னா 90 கிராம் அமோனியா, 540 கிராம் கார்பன். சர்க்கரையில 42 சதவீதம் கார்பன், அப்போ ஒண்ணேகால் கிலோ சர்க்கரைக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு நாள்ல பிரிச்சுக் கொடுத்தா அமோனியா கீழ வந்துரும்.

#6 · காற்றுக்கல்

கணக்கு சரி, நேரம்தான் தப்பு. ஒண்ணேகால் கிலோ சர்க்கரைய பாக்டீரியா தின்னும்போது ஆக்சிஜனும் சேர்த்துத்தான் தின்னும். காலைல 4.2 நிக்கிற தொட்டியில, ஃபிளாக் ஏற்கனவே 55 மில்லி. திலேப்பியாவுக்கு 25ல இருந்து 50 வரைக்கும் போதும். இன்னும் சர்க்கரை ஊத்துனா ஃபிளாக் 80 ஆகும், ராத்திரி ஆக்சிஜன் 2 ஆகும். அதுக்கப்புறம் அமோனியாவப் பத்திக் கவலைப்பட மீன் இருக்காது.

இன்னொண்ணு, 48 மணி நேரம் நொதிக்க வச்ச சர்க்கரைத் தண்ணி புளிச்ச தண்ணி. அதோட பிஎச்சை அளந்து பாருங்க, 4 கிட்ட இருக்கும். தினமும் காலைல 15 ஆல்கலினிட்டி உள்ள தொட்டியில அமிலத்த ஊத்திட்டு பிஎச் ஏன் இறங்குதுன்னு கேக்கக் கூடாது. சர்க்கரை கொடுக்கணும்னா நொதிக்க வைக்காம அப்படியே கரைச்சு, காலை 9லிருந்து 11க்குள்ள, ப்ளோயர் முழு வேகத்துல ஓடும்போது கொடுங்க. சாயங்காலம் வேண்டாம்.

சோதனை ஒண்ணு: காலைல தொட்டித் தண்ணி ஒரு மக்குல (குவளையில) எடுத்து பிஎச் பாருங்க. அதுலயே சின்ன மீன்தொட்டி மோட்டாரால ஒரு மணி நேரம் காத்து விட்டு மறுபடியும் பாருங்க. அரைப் புள்ளிக்கு மேல ஏறுனா தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு அடைஞ்சு கிடக்கு, காத்து பத்தலன்னு அர்த்தம். ஏறலன்னா ஆல்கலினிட்டி மட்டும்தான் பிரச்சினை.

#7 · திருவட்டார்_தொட்டி

மக்கு சோதனை பாத்தாச்சு. 6.1லிருந்து 6.8 ஆச்சு.

#8 · காற்றுக்கல்

அப்போ ரெண்டுமே. ஏர் ஸ்டோனை (குமிழ் விடுற காத்துக் கல்லை) எடுத்துப் பாருங்க, ஃபிளாக் அடைச்சு ஒரு பக்கம் மட்டும் குமிழ் விடும். வினிகர் கலந்த தண்ணியில ஊற வச்சுத் தேய்ச்சுட்டுப் போடுங்க. அடி சரிவுல கறுப்பா நாத்தம் அடிக்கிற சேறு இருந்தா நடு வடிகாலைத் திறந்து வெளியேத்துங்க. ஃபிளாக் 50க்குக் கீழ வர, 200 லிட்டர் கூம்பு டிரம் ஒண்ணு வச்சு, தொட்டித் தண்ணிய மெதுவா ஏத்தி, தெளிஞ்சது மேல வழியா திரும்ப வர்ற மாதிரி 5, 6 மணி நேரம் ஓடவிட்டா போதும்.

#9 · நீர்ச்சோதனை_அக்கா

இப்போ மருந்து அளவு.

முதல் ரெண்டு நாள் தீவனம் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். பட்டினியில திலேப்பியா சாகாது.

போடவேண்டியது ஆப்பச் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். மூட்டையா வாங்கும்போது சலவைச் சோடா கொடுத்துருவாங்க, பாத்து வாங்குங்க. சலவைச் சோடா பிஎச்சை 10க்குத் தூக்கும், ஆப்பச் சோடா எவ்வளவு போட்டாலும் 8.3 பக்கத்துல நின்னுரும்.

ஒரு கிராம் ஆல்கலினிட்டிக்கு 1.68 கிராம் ஆப்பச் சோடா. 15லிருந்து 100க்கு ஏத்த, 85 × 15 = 1,275 கிராம், பெருக்கல் 1.68, ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மூணு நாளாப் பிரிச்சு நாளைக்கு 700 கிராம், வாளியில கரைச்சு ஏர் ஸ்டோன் குமிழ் மேல ஊத்துங்க. அமோனியா 2க்குக் கீழ வர்ற வரைக்கும் பிஎச் 7.3ஐத் தாண்ட விடாதீங்க. 7.3ல நச்சுப் பங்கு 1.4 சதவீதம்தான், 6 பிபிஎம்னாலும் 0.08. தாண்டுற மாதிரி தெரிஞ்சா அன்னைக்கு சோடாவ நிறுத்திரணும்.

கூடவே கல்லுப்பு 15 கிலோ, அயோடின் சேர்க்காதது. ஆல்கலினிட்டி ஏறுன உடனே அமோனியாவத் தின்னுற பாக்டீரியா முதல்ல எழும்பும், நைட்ரைட்ட தின்னுறது பின்னாடி சாவகாசமா வரும். நடுவுல நைட்ரைட் 5, 8ன்னு போகலாம். உப்புல இருக்கிற குளோரைடு செவுள் வழியா நைட்ரைட் ரத்தத்துக்குள்ள போகாம தடுக்கும். நைட்ரைட் நைட்ரஜன் எவ்வளவோ அதுக்கு 10 மடங்கு குளோரைடு குறைஞ்சபட்சம், 20 மடங்குன்னா நிம்மதி. 15 கிலோ உப்பு 600 பிபிஎம் குளோரைடு கொடுக்கும், அது தாராளம். கிட்டுல காட்டுறது நைட்ரைட்டா, நைட்ரைட் நைட்ரஜனான்னு அட்டையில பாருங்க. நைட்ரைட்னா 3.3ஆல வகுத்துக்கிடணும். செவுளைத் தூக்கிப் பாத்தா சிவப்புக்குப் பதிலா காப்பித்தூள் நிறம் இருந்தா நைட்ரைட் வேலை காட்டிருச்சு.

தீவனம் திரும்ப ஆரம்பிச்ச பிறகு, ஒவ்வொரு கிலோ தீவனத்துக்கும் 250 கிராம் ஆப்பச் சோடா தினக் கணக்கு. 3.5 கிலோவுக்கு 875 கிராம். வாரத்துல ரெண்டு தடவ ஆல்கலினிட்டி பாத்து 100க்கும் 150க்கும் நடுவுல நிக்கிற மாதிரி கூட்டிக் குறைச்சுக்கிடுங்க. சோடாவத் தீவனச் செலவுலயே சேத்துக்கிடுங்க, தனி மருந்தா நினைக்காதீங்க.

#10 · விளவங்கோட்டான்

சிப்பி ஓடு போட்டா போதாதா? குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் மூட்டை மூட்டையா கிடைக்கும்.

#11 · நீர்ச்சோதனை_அக்கா

கூடவே வச்சுக்கலாம், அது மட்டும் போதாது. பிஎச் 7.5 பக்கம் வந்த பிறகு சிப்பி ஓடு கரையிறது ரொம்பக் குறைவு, அதனால அளவு தாண்டிப் போகாதுங்கிறது நல்ல குணம். ஆனா நாளைக்கு 40 பிபிஎம் செலவாகுற தொட்டிக்கு அது ஈடு கொடுக்காது. ஓட்டு மேல வழவழப்பு படிஞ்சா கரையிறதே நின்னுரும், மாசம் ஒரு தடவ தேய்ச்சுக் கழுவணும். போர் தண்ணிய சேமிக்கிற தொட்டியில போடுறதுக்கு அதுதான் சரியான பொருள்.

#12 · பம்ப்_குழாய்

போர்ல இரும்பு இருக்குன்னு சொன்னாரு, அதை யாரும் தொடல. ஆரஞ்சா படியிறது கரைஞ்ச இரும்பு, காத்து பட்டா துருவா மாறுது. மேல மிதக்குற ஆடையும் இரும்பு பாக்டீரியா வேலைதான், எண்ணெய் இல்ல. குச்சியால தட்டுனா கண்ணாடி மாதிரி உடையும், எண்ணெய்னா திரும்ப ஒட்டிக்கிடும். அந்தத் தண்ணிய நேரா மீன் தொட்டியில விட்டா துரு செவுள்ல போய் உக்காந்துரும். மீன் மேல வந்து வாய் பிளக்கும், ஆக்சிஜன் மீட்டர் 6 காட்டும், யாருக்கும் புரியாது.

வழி இது. 2,000 லிட்டர் டேங்க் ஒண்ணு. அது மேல ரெண்டு அடுக்கு துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு, கீழ்த் தட்டுல சிப்பி ஓடு. போர் தண்ணி மழை மாதிரி அது வழியா விழணும். அப்போ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், ஆக்சிஜன் ஏறும், பிஎச்சும் ஏறும். இந்தப் பிஎச் ஏறுறதுதான் முக்கியம்: 6ல இரும்பு துருவாக மணிக்கணக்கு, நாள்கணக்குகூட ஆகும், 7க்கு மேல போனா நிமிஷக் கணக்கு. அதனாலதான் வெறும் காத்து மட்டும் விட்டவங்களுக்கு இரும்பு போக மாட்டேங்குது. டேங்க்ல 24 மணி நேரம் தெளிய விட்டு, அடியில இருந்து அரை அடி மேல அவுட்லெட் வச்சு எடுங்க. அதுக்குப் பிறகும் கலங்கலா இருந்தா மணல் பில்டர்.

மாத்துற தண்ணிக்கும் சோடா கணக்கு உண்டு. 1,000 லிட்டர் போர் தண்ணிய 20லிருந்து 100க்கு ஏத்த 135 கிராம் ஆப்பச் சோடா, தெளிஞ்ச பிறகு.

#13 · திருவட்டார்_தொட்டி

எல்லாம் குறிச்சுக்கிட்டேன். ஒரு சந்தேகம். பயோஃபிளாக்க விட்டுட்டு பில்டர் வழியா அதே தண்ணியச் சுத்தி விடுற ஆர்ஏஎஸ் முறைக்கு மாறுனா இந்தத் தொந்தரவு குறையுமா? தொட்டி ஏற்கனவே இருக்கு.

#14 · பம்ப்_குழாய்

சோடாச் செலவு குறையாது, நைட்ரிஃபிகேஷன் (அமோனியா நைட்ரேட்டா மாறுறது) முழுசா நடக்கிறதால கூடத்தான் செய்யும். ஆனா ராத்திரி ஆக்சிஜன் பயம் பாதியாகும், தண்ணி தெளிவா இருக்கும், மீனைக் கண்ணால பாக்கலாம். அளவு போட்டுத் தர்றேன்.

மீன் எண்ணிக்கைய வச்சு பில்டர் போடப்பிடாது, அறுவடைக்கு முன்னாடி போடுற உச்ச தீவனத்த வச்சுப் போடணும். 900 மீன், 400 கிராம், 360 கிலோ, 2 சதவீதத் தீவனம்னா 7 கிலோ. அமோனியா 206 கிராம். ஒரு சதுர மீட்டர் மீடியா (பாக்டீரியா ஒட்டி வளர்ற பிளாஸ்டிக் துண்டுகளோட பரப்பு) நாளைக்கு 0.3 கிராம் அமோனியாவ மாத்தும்னு அடக்கமா எடுத்தா 690 சதுர மீட்டர் வேணும். கே1 மாதிரி மிதக்குற மீடியா கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர், அப்போ 1.4 கன மீட்டர் மீடியா. தொட்டியில பாதி அளவுக்குத்தான் நிரப்பணும், இல்லன்னா புரளாது. அதாவது 3,000 லிட்டர் டேங்க். கடையில 500 லிட்டர் டிரம் காட்டி இந்தத் தொட்டிக்குப் போதும்னு சொன்னா, எத்தனை கிலோ தீவனத்துக்குன்னு கேளுங்க.

அதுக்கு முன்னாடி கழிவைப் பிடிக்கிற டிரம் வேணும். நடு வடிகாலுக்கு ரெட்டைக் குழாய் வைங்க: உள்ள 3 இஞ்சி நிக்கிற குழாய் தண்ணி மட்ட உயரத்துக்கு, வெளிய 5 இஞ்சி குழாய், அடியில மட்டும் துளை போட்டு, மேல தண்ணிக்கு வெளிய நீட்டிக்கிட்டு. மேல்தண்ணி போகாம அடித்தண்ணியும் எச்சமும் மட்டும் ஏறிப் போகும். தொட்டிக்கு வர்ற தண்ணிய ஓரமா சாய்ச்சு விட்டு சுழல வைக்கணும், அப்பத்தான் எச்சம் நடுவுக்கு வரும்.

ஓட்டம் மணிக்கு ஒரு தொட்டி, 15,000 லிட்டர். உயரம் 2 மீட்டருக்கு மேல தூக்காத மாதிரி பில்டரையும் தொட்டியையும் பக்கத்துல, ஏறக்குறைய ஒரே மட்டத்துல வைங்க. 2 மீட்டருக்கு 200லிருந்து 270 வாட் பம்ப் போதும், நாளைக்கு 5, 6 யூனிட். கிணத்து மோட்டாரை வச்சுத் தள்ளுறவங்களுக்கு கரண்டு பில்லுலயே லாபம் போயிரும்.

புது பில்டர் பழக 4லிருந்து 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் பாதித் தீவனம்.

#15 · தோவாளைக்குளம்

இவ்வளவு மின்சாரத்த நம்பி மீன் வளக்குறதுக்கு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மாதிரி குளத்துல கட்லா, ரோகு விட்டா போதும்னு எனக்குத் தோணுது. ஆனா மேற்கே செம்மண்ணுல குளம் வெட்டுறவங்களுக்கும் இதே அமிலப் பிரச்சினைதான். மண் பிஎச் 5.5க்குக் கீழன்னா ஏக்கரை விடுங்க, சென்ட் கணக்குச் சொல்றேன்: வேளாண் சுண்ணாம்பு சென்டுக்கு 8 கிலோ, வத்துன குளத்து அடியில பரத்தி, லேசா கிளறி, ரெண்டு வாரம் கழிச்சு தண்ணி ஏத்தணும். ஆடி மழையிலயும் ஐப்பசி மழையிலயும் மலைத் தண்ணி உள்ள வந்தா திரும்பக் குறையும். நமக்கு ரெண்டு மழை, அதனால சுண்ணாம்பும் ரெண்டு தடவ.

ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்துக் கழிவு ஓடை குளத்துக்குள்ள வராம வரப்பு போடுங்க. பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் அமிலமும், அழுகுற கழிவும் சேர்ந்து வந்தா பிஎச்சும் ஆக்சிஜனும் ஒண்ணா விழும். காயல் ஓரத்துல கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடுற இடத்துத் தண்ணியும் இதே சனியன்தான், முட்டை அழுகுன வாடை வந்தா அந்தத் தண்ணிய எடுக்காதீங்க.

#16 · விளவங்கோட்டான்

மழைன்னதும் ஞாபகம் வருது, தொட்டிக்கு மேல கூரை இருக்கா? 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 1,250 லிட்டர் வெறும் தண்ணி உள்ள வரும், ஆல்கலினிட்டி அதுல சுழியம். வழியிற தண்ணியோட உப்பும் சோடாவும் போயிரும்.

#17 · ப்ளோயர்_மெக்கானிக்

கரண்டு பத்தி யாரும் பேசலயே. 360 கிலோ மீன் 15,000 லிட்டர்ல, கன மீட்டருக்கு 24 கிலோ. தீவனம் தின்ன திலேப்பியா கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுத்தா 7 பிபிஎம், ஃபிளாக் இன்னொரு 2, 3. 5 பிபிஎம்ல கரண்டு போனா 20 நிமிஷத்துல 2க்கு வரும். ஒக்கி புயல் அடிச்ச 2017 நவம்பர் 30க்கு அப்புறம் எத்தனை ஊர்ல எத்தனை நாள் இருட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். தென்னை மட்டை கம்பியில விழுந்தாலே நமக்குக் கரண்டு இல்ல.

60 வாட் ஏர் பம்ப் ஒண்ணு தனியா இன்வெர்ட்டர்ல. 150 ஆம்பியர் பேட்டரி 1,800 வாட் மணி, பாதிதான் எடுக்கலாம், தேய்மானம் போக 12 மணி நேரம் தாங்கும். மீனை உயிரோட வைக்கத்தான் அது, வளக்க இல்ல. அந்த நேரம் தீவனம் கிடையாது. பெரிய ஜெனரேட்டர் அதுக்கப்புறம்.

முக்கால் எச்பி இப்போ 100 கிலோ மீனுக்குச் சரி. 7 கிலோ தீவனத்துக்கு மீனும் ஃபிளாக்கும் சேர்ந்து நாளைக்கு 7 கிலோ ஆக்சிஜன் கேக்கும், அப்போ 1 எச்பி ஓடணும். ப்ளோயரைத் தண்ணி மட்டத்துக்கு மேல மாட்டுங்க, இல்லன்னா நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது) போடுங்க. நின்ன உடனே தண்ணி குழாய் வழியா பின்னாடி ஏறி ப்ளோயரை முழுங்கிரும்.

#18 · திருவட்டார்_தொட்டி

ஜெனரேட்டர் இருக்கு அண்ணாச்சி. ப்ளோயருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி போட்டிருக்கு. அப்புறம், இந்தக் கழிவுத் தண்ணிய வாழைக்கு விடலாமா? பக்கத்துல ஏத்தன், மட்டி ரெண்டும் நிக்குது.

#19 · ப்ளோயர்_மெக்கானிக்

டிஓஎல் ஸ்டார்ட்டர்னா (பட்டனை அமுக்கி ஓட்டுற சாதாரணப் பெட்டி) அங்கதான் ஆபத்து. கரண்டு போனா உள்ள காயில் விட்டுரும், கரண்டு வந்தாலும் பச்சைப் பட்டனை அமுக்குற வரைக்கும் ப்ளோயர் ஓடாது. ராத்திரி 2 மணிக்கு ரெண்டு நிமிஷம் போயிட்டு வந்தா வீட்டுல லைட் எரியும், ஃபேன் ஓடும், தொட்டி மட்டும் செத்துக்கிட்டிருக்கும். தானா ஓடவைக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர் போடுங்க, இல்ல ஏர் லைன்ல பிரஷர் சுவிட்ச் வச்சு சைரன் மாட்டுங்க. சைரன் கரண்டு இருக்கான்னு பாக்கப்பிடாது, குழாய்ல காத்து வருதான்னு பாக்கணும். பெல்ட் அறுந்தாலும், குழாய் கழண்டாலும் அப்பத்தான் கத்தும்.

#20 · தோவாளைக்குளம்

வாழைக்கு அந்தக் கழிவு நல்ல உரம், ஆனா இப்போ 15 கிலோ உப்பு போடப்போறீங்க. வாழை உப்புத் தாங்காது, இலை ஓரம் கருகும். உப்பு போட்ட தண்ணிய தென்னை மூட்டுல விடுங்க. ரெண்டு மூணு மாத்துத் தண்ணிக்கு அப்புறம் உப்பு குறைஞ்ச பிறகு வாழைக்குக் கொடுக்கலாம், அதுவும் மூட்டுல நேரா இல்லாம ஒரு அடி தள்ளி.